ஒல்லியைச் சொல்ல ஐந்து ஆங்கில வார்த்தைகள்

'தின்' வெறும் தகவல். சில சமயம் 'உடம்பு இளைச்சுப் போச்சே' என்ற கவலையும் அதில் ஒட்டிக்கொள்ளும். 'ஸ்லிம்' பாராட்டு. 'ஸ்லெண்டர்' என்றால் அதோடு நளினமும் சேரும், பேச்சைவிட எழுத்தில்தான் அதிகம். 'லீன்' கொழுப்பில்லாமல் முறுக்கேறிய உடம்பு. ஓட்டப்பந்தய வீரருக்குச் சரியாகப் பொருந்தும். 'ஸ்கின்னி' பெரும்பாலும் எலும்பும் தோலுமாக என்ற தொனி. பாராட்டுகிறோம் என்று நினைத்து 'யூ லுக் ஸ்கின்னி' என்றால், கேட்பவருக்குச் சுருக்கென்று தைக்கலாம்.

ஆங்கிலம்-தமிழ் அகராதியை மட்டும் நம்பினால் ஐந்துக்கும் 'மெலிந்த' என்றே கிடைக்கும். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே எழுதிய நல்ல லேர்னர்ஸ் டிக்‌ஷனரி ஒன்றை எடுங்கள். பொருளுக்கு முன்னால் சிறிய எழுத்தில் 'அப்ரூவிங்' (பாராட்டு), 'டிஸ்அப்ரூவிங்' (இழிவு), 'இன்ஃபார்மல்' (பேச்சுவழக்கு) என்று போட்டிருக்கும். முதலில் அதைப் படியுங்கள். அடுத்து, எடுத்துக்காட்டு வாக்கியத்தில் எந்தப் பெயர்ச்சொல்லோடு வருகிறது என்று பாருங்கள். 'ஸ்லிம் சான்ஸ்' (மிகக் குறைந்த வாய்ப்பு) உண்டு, 'ஸ்கின்னி சான்ஸ்' கிடையாது. 'ஸ்கின்னி ஜீன்ஸ்' உண்டு, அங்கே இழிவும் இல்லை. இந்த ஜோடிகளை அப்படியே மனப்பாடம் செய்வதுதான் உருப்படியான வழி.

வால் மட்டும் மாறும் சொற்களில் இன்னும் கவனம் வேண்டும். 'எகனாமிக்' பொருளாதாரம் சார்ந்தது, 'எகனாமிக்கல்' சிக்கனமானது. நல்ல மைலேஜ் தரும் பைக் எகனாமிக்கல், அரசின் கொள்கை எகனாமிக். மாற்றி எழுதினால் ஸ்பெல் செக் பெரும்பாலும் கண்டுகொள்ளாது, இரண்டுமே சரியான சொற்கள்தானே.