மழை பெய்தால் அறுபடும் இணைய இணைப்பு

செட்டிநாட்டு வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி மறுதெருவில் முடியும் அளவுக்கு நீண்டவை என்பதால், முகப்பில் நுழையும் தொலைபேசிச் செம்புக்கம்பி வளவை (நடுமுற்றப் பகுதியை)க் கடந்து இரண்டாம் கட்டில் உள்ள மோடத்தை அடைவதற்குள் பல ஒட்டுகளைத் தாண்ட வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் தொலைபேசிக் கம்பி வழியே வரும் டிஎஸ்எல் இணைய இணைப்பு மழைநாள்களில் அறுபட்டபோது, உடனே புதிய மோடம் வாங்குவது வீண்செலவு என்று கருதியதால், இருந்த மோடத்தையே முகப்பிற்குக் கொண்டுவந்து, வெளிக்கம்பி வந்து சேரும் பெட்டியில் நேரடியாகப் பொருத்திப் பார்த்தேன். மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் 5 டெசிபெலுக்குக் கீழே ஊசலாடிய இரைச்சல் விளிம்பு (இணைப்பு நிலைக்கத் தேவையானதைவிடச் சமிக்ஞை இரைச்சலை எவ்வளவு கூடுதலாக விஞ்சி நிற்கிறது என்பதன் அளவு) அங்கே 11 டெசிபெலாக உயர்ந்து நிலைத்தது. பொதுவாக அது 6 டெசிபெலுக்குக் கீழே இறங்கினால் இணைப்பு தடுமாறும். ஈரம் இறங்கிப் பச்சை பூத்திருந்த உள் ஒட்டுகளே காரணம் என்பது அதில் தெளிவானது. மோடத்தை முகப்பிலேயே நிறுத்திவிட்டு, 100 மீட்டர் வரை தாங்கும் ஈதர்நெட் கேபிளை உள்கட்டுக்கு இழுத்திருக்கிறோம்.