ஆட்டமில்லாத மாதங்கள்

தேயிலைத் தோட்டக் காரியாலயத்தில் பதினோரு வருடம் செக்ரோல், அதாவது வேலைக்கு வந்தவர் பெயரும் கூலியும் பதியும் பேரேடு, எழுதினேன். பிறகு ஹட்டன் பக்கத்து உதைபந்தாட்டக் கழகம் ஒன்றில் ஆறு வருடம் பொருளாளராக இருந்தேன். யார் வந்தார், எவ்வளவு கொடுக்கவேண்டும், கையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதால் இரண்டும் ஒரே வேலைதான் என்று ஆரம்பத்தில் நினைத்தேன். தோட்டத்தில் முழுப்பேர், அதாவது முழுநாள் கூலி, விழவேண்டிய பெண்ணுக்கு அரைப்பேர் விழுந்திருந்தால், அன்று மாலையே கூடையை இறக்காமல் காரியாலய வாசலில் வந்து நிற்பார். ஊழியர் சேமலாப நிதிக்குத் தன் பங்கு எட்டு வீதம், தோட்டத்தின் பங்கு பன்னிரண்டு வீதம் என்பது எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாத பாட்டிக்கும் தெரியும். கழகத்தில் என் வாசலுக்கு யாரும் வரவில்லை. யாரும் வராததால் கணக்கு சரியாக இருக்கிறது என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

சீசன் நடக்கும்போது கழகத்தைப் பற்றி ஊரே பேசும். ஆனால் கழகத்தின் தலையெழுத்து எழுதப்படுவது ஆட்டமில்லாத மாதங்களில், ஒரு கடைக்கு மேல்மாடியில், ஏழு பேர் பிளேன்டீ குடித்துக்கொண்டு இருக்கும் அறையில்தான். யாரைப் புதுப்பிப்பது, யாரை விடுவது, எந்த கோச்சைக் கூப்பிடுவது, கையில் இருப்பதை எதில் போடுவது எல்லாம் அங்கே முடிவாகும். வீரர்கள் யாரும் அந்த அறையில் இருக்கமாட்டார்கள்.

2022 பெப்ரவரியில் அப்படி உட்கார்ந்தபோது, கோல் அடிக்க ஆள் இல்லை என்பதே பெரிய குறையாகப் பேசப்பட்டது. மேற்கு ஆபிரிக்காவிலிருந்து ஒரு முன்கள வீரரை எடுப்பதாக முடிவானது. மாதம் 600 டொலர், தங்குமிடம், விமான டிக்கட். அன்றைய கணக்கில் டொலருக்கு ஏறக்குறைய 200 ரூபாய்தான். ஆக ஒரு லட்சத்து இருபதாயிரம். கஷ்டப்பட்டால் சமாளிக்கலாம் என்று சொன்னவன் நான். ஒப்பந்தத்தில் தொகையை டொலரில் எழுதினோம். அதை ரூபாயில் எழுதுங்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

மார்ச்சில், அதுவரை பிடித்துவைத்திருந்த ரூபாயின் மதிப்பு சந்தைப்படி போகட்டும் என்று அவிழ்த்துவிடப்பட்டது. மே மாதத்தில் ஒரு டொலர் 360 ரூபாயைத் தொட்டது. அதே கையெழுத்து, அதே 600 டொலர், இப்போது இரண்டு லட்சத்துப் பதினாறாயிரம். பெற்றோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை. மாதாமாதம் காசு தந்த கடை முதலாளிமார், தங்கள் கடையில் அரிசி மூட்டை இறக்கவே காசில்லாமல் நின்றார்கள். அவர்களிடம் போய்ப் பந்தைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

அந்த ஒரே கூட்டத்தில்தான் கோச் விஷயமும் முடிந்தது. எங்களிடம் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். தோட்டப் பாடசாலையில் உடற்கல்வி ஆசிரியர், ஆசிய உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் சி தரப் பயிற்றுநர் சான்றிதழ் வைத்திருந்தவர். சனிக்கிழமைகளில் பதினாறு வயதுக்குட்பட்ட பையன்களுக்குப் பயிற்சி கொடுப்பார். அவரிடம் நீலமட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி உண்டு. ஒவ்வொரு பையனுக்கும் ஒரு பக்கம். உயரம், சப்பாத்து அளவு, எந்தக் கால் பலம் என்று எழுதி, கடைசிப் பத்தியில் ஒரு சரி அல்லது ஒரு கோடு போட்டிருப்பார். அது என்னவென்று ஒருநாள் கேட்டேன். "காலையில சாப்பிட்டானா இல்லையான்னு சேர். சாப்பிடாத புள்ளைய ஓட வைக்கக் கூடாது" என்றார்.

கூட்டத்தில் அவரிடம் என்ன வேண்டும் என்று கேட்டபோது, பத்துப் பந்தும் பஸ் காசும் போதும் என்று சொன்னார். அவர் கேட்டது குறைவாக இருந்ததால் அவருடைய மதிப்பும் குறைந்துபோனது. கொழும்பிலிருந்து, அதைவிட உயர்ந்த ஏ தரச் சான்றிதழோடு ஒருவரை எடுத்தோம். அவர் திறமையானவர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வாரத்தில் மூன்று நாள்தான் மலைக்கு வருவார். தமிழ் அவ்வளவாக வராது. வெயில் நாளில் தீட்டிய திட்டம் டிக்கோயா மழையில் சேறாகிப்போகும்போது அவருக்குக் கோபம்தான் வந்தது.

ஓகஸ்ட்டில் முன்கள வீரரின் ஏஜென்டிடமிருந்து கடிதம் வந்தது. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி, பதினைந்து நாள் அவகாசம், கொடுக்காவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள வீரருக்கு நியாயமான காரணம் உண்டு என்று இருந்தது. உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பிஃபா 2018இல் தன் விதிகளில் சேர்த்த 14 பிஸ் என்ற பிரிவு அது. கடன் வாங்கிக் கொடுத்தோம். அந்த வீரரில் எனக்கு ஒரு துளி கோபமும் இல்லை. வேலை செய்தவர் கூலி கேட்டார், அவ்வளவுதான்.

கடிதத்தைக் கோப்பில் போடும்போது பழைய பக்கம் ஒன்று திறந்துகொண்டது. எங்கள் இடது பின்கள வீரர், நோர்வூட் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்துப் பையன், அவனுக்கு மூன்று மாதம் பாக்கி. எழுத்தில் ஒப்பந்தமும், தனக்கு உண்மையில் ஆகும் செலவைவிடக் கூடுதலான ஊதியமும் இருந்தால்தான் ஒருவர் தொழில்முறை வீரர் என்கிறது பிஃபா விதி. எங்களிடம் அவனுக்கு எட்டு மாதத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு தாள் இருந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவனுக்கு யாரும் வாசித்துக் காட்டியதில்லை. தொலைபேசியில் பிடித்தேன். கொழும்பு புறக்கோட்டையில் மொத்தக் கடை ஒன்றில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான்.

"பரவாயில்ல அண்ணே. டீம்ல காசு இல்லன்னு தெரியும்தானே" என்றான்.

அன்றிரவு பழைய கணக்குக் கொப்பிகளை எல்லாம் எடுத்து வைத்தேன். கழகத்துக்கு வந்த ஒவ்வொரு நூறு ரூபாயிலும் அறுபத்திரண்டு ரூபாய் முன்கள வீரர், கொழும்பு கோச் என்ற இரண்டே பேருக்குப் போயிருந்தது. ஐரோப்பாவில் சம்பளம், வீரர் மாற்றம், ஏஜென்ட் கட்டணம் மூன்றும் சேர்ந்து வருமானத்தில் 70 வீதத்தைத் தாண்டக்கூடாது என்று படிப்படியாக விதி கொண்டுவந்திருக்கிறார்கள். அங்கே அது முழு அணிக்கான எல்லை. 1885இல் தொடங்கிய பெரி கழகத்தை 2019இல் இங்கிலாந்து லீக்கிலிருந்து நீக்கினார்கள், தொடர்ந்து நடத்தக் காசு உண்டு என்று காட்ட முடியாததால். அவ்வளவு பழைய கழகத்துக்கே அந்தக் கதி.

2023 ஜனவரியில் பிஃபா இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. ஓகஸ்ட்டில்தான் அது நீங்கியது. அந்த மாதங்களில் எந்தத் திட்டமும் காலில் நிற்கவில்லை. கொழும்பு கோச் இடையிலேயே போய்விட்டார். ஆசிரியர் யாரும் கூப்பிடாமலே நீலக் கொப்பியோடு மைதானத்துக்கு வந்தார்.

அடுத்த ஆட்டமில்லாத காலத்தில் நான் கூட்டத்துக்கு ஒரே ஒரு தாளைக் கொண்டுபோனேன். அதில் புதிய வீரர் யாருடைய பெயரும் இல்லை. இருக்கிறவர்களுக்கு எவ்வளவு பாக்கி என்பது மட்டும், செக்ரோல் மாதிரி, பெயர் பெயராக. இதைத் தீர்க்காமல் அடுத்த விஷயத்தைப் பேசமாட்டேன் என்றேன். மூன்று மணி நேரம் வாக்குவாதம். ஒருவர் எழுந்து போய்விட்டார், இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. எல்லா ஒப்பந்தமும் ரூபாயில், எட்டு மாதத்துத் தொகையைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதாமாதம், தமிழிலும் சிங்களத்திலும் பிரதி, ஆசிரியரே தலைமைக் கோச் என்று முடிவானது. அந்த சீசனில் நாங்கள் கிண்ணம் வெல்லவில்லை. நல்ல வீரர்கள் இரண்டு பேர் கூடுதல் காசுக்குக் கொழும்புக்குப் போனார்கள். இடது பின்கள வீரர் திரும்பி வந்தான்.

ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்க அவன் வீட்டுக்கே போனேன். மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. கொழுந்து எடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்த அவனுடைய அம்மா, ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டுத் தாளை வாங்கி, ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்துச் சத்தமாக வாசித்தார். இரண்டு பக்கமும் முடிந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, ஆட்டத்துல கால் அடிபட்டு இவன் படுத்துட்டா, அந்த மாசத்துக்கு முழுப்பேரா, அரைப்பேரா?"

அதற்குத் தாளில் ஒரு வரியும் இல்லை. அவர் தந்த பேனையாலேயே, கடைசி வரிக்குக் கீழே, முழுப்பேர் என்று எழுதி, பக்கத்தில் என் கையெழுத்தைப் போட்டேன்.