ஓட்டமும் சொதியும்: நெல்லை நாட்குறிப்பு

ஜனவரி 10, 2025, வெள்ளி

வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது உச்சிவெயில். இன்று வைகுண்ட ஏகாதசி என்பதால் ஸ்ரீவைகுண்டம் போகிற பஸ்களில் நிற்கவும் இடமில்லை. தோழி ஸ்கூட்டியில் வந்து பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போனாள். ஞாயிற்றுக்கிழமை அரை மாரத்தான், 21 கிலோமீட்டர். என்னோடு ஓடுகிற மதுரைக்காரர்கள் பெரும்பாலும் சனிக்கிழமை இரவு வந்து, ஞாயிறு மதியம் அல்வாப் பொட்டலத்தோடு திரும்பிவிடுவார்கள். எனக்கு அதில் சம்மதமே இல்லை. திங்கள்வரை லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

மதியம் சொதி. நெல்லையின் முதல் சாப்பாடு என்று கேட்டால் நான் அல்வாவைச் சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன். இங்கே கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்து என்றால் இலையில் சொதி இருந்தாக வேண்டும். தேங்காயை அரைத்து மூன்று பால் எடுக்கிறார்கள். மூன்றாம் பாலில் முருங்கைக்காய், உருளை, கேரட், பீன்ஸ், சின்ன வெங்காயம், பூண்டு எல்லாம் வேகும். அப்புறம் இரண்டாம் பால், குழைய வெந்த பாசிப்பருப்பு, இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்த விழுது. முதல் பால் கடைசியில்தான். அதை ஊற்றிய பிறகு தோழியின் அம்மா அடுப்பை விட்டு நகரவில்லை. ஓரத்தில் லேசாக நுரை கட்டியதும் இறக்கிவிட்டார். கொதித்தால் திரிந்துபோகும். சூடு தணிந்த பிறகு எலுமிச்சம்பழம் பிழிந்தார். காரம் நாக்கில் தெரிவதில்லை, தொண்டையில் இறங்கும்போதுதான் தெரிகிறது. தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு சிப்ஸ். தேங்காய்ப்பாலின் மந்தத்துக்கு இஞ்சி மருந்து.

“ஓடுத புள்ளைக்கு இன்னொரு கரண்டி ஊத்துட்டி” என்று ஆச்சி பேத்தியை விரட்டிக்கொண்டே இருந்தார். ஊற்றினாள். சாப்பிட்டேன்.

ஜனவரி 11, சனி

காலையில் வ.உ.சி. மைதானத்தில் பிப் நம்பரும் (சட்டையில் குத்திக்கொள்கிற எண் அட்டை) டி-ஷர்ட்டும் வாங்கினோம். கூட்டம் குறைவு, பத்து நிமிட வேலை. அங்கிருந்து ஊசிக்கோபுரம் பார்க்கப் போனோம். 1826-இல் கட்டிய தேவாலயம். பாளையில் எந்தத் தெருவிலிருந்து நிமிர்ந்தாலும் அந்தக் கூர்முனை கண்ணில் படுவதுபோல் இருக்கிறது.

சாயங்காலம் நெல்லையப்பர் கோயில். சுவாமிக்கு ஒரு கோயில், காந்திமதி அம்மனுக்கு ஒரு கோயில், இரண்டையும் சேர்க்கிற நீண்ட சங்கிலி மண்டபம். அதை 1647-இல் கட்டியவர் வடமலையப்ப பிள்ளையன். மணிமண்டபத்தின் இசைத்தூண்கள் முன்னால் வெகுநேரம் நின்றேன். நடுவில் பெரிய தூண், சுற்றிலும் விரல் தடிமனில் தொடங்கிக் கை தடிமன்வரை சின்னத் தூண்கள், எல்லாம் ஒரே கல்லில் செதுக்கியவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு சுரம். கல்லுக்குள் இருக்கிற சுரத்தைக் கேட்டுக் கேட்டுத்தானே ஒருவர் இதைச் செதுக்கியிருக்க வேண்டும்! அந்தச் சிற்பியின் காதை நினைத்தால் இப்போதும் சிலிர்க்கிறது.

வெளியே வந்தால் எதிரே இருட்டுக்கடையில் அல்வாவுக்கு வரிசை. இன்று வேண்டாம் என்று முடிவெடுத்தேன். ஓட்டத்துக்கு முந்தின ராத்திரி நெய் கூடாது. நாலு இட்லி, மிளகாய்ப்பொடி, எட்டரைக்குத் தூக்கம்.

ஜனவரி 12, ஞாயிறு

ஐந்தரைக்கு ஓட்டம் தொடங்கியது. மார்கழிப் பனி, நல்ல குளிர். நெல்லையில் ஓட இதைவிட நல்ல மாதம் கிடையாது.

முருகன்குறிச்சி, வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம், அப்புறம் சுலோசன முதலியார் பாலம். போகும்போது இருட்டு, ஆறு தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்த சுலோசன முதலியார் சொந்தப் பணத்தைப் போட்டு, 1843-இல் திறந்த பாலம் இது. அதற்கு முன்னால் பாளைக்கும் நெல்லைக்கும் நடுவே தோணிதான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் கொக்கிரகுளம் கரை முழுக்கத் தண்ணீருக்குள் இருந்தது. பாலம் நின்றது. ஒரு தனி மனிதர் ஊருக்குக் கொடுத்ததன் மேல் இத்தனை பேர் ஓடுகிறோம் என்ற நினைப்பு வந்ததும் கால் தானாக வேகம் எடுத்தது.

ஜங்ஷனில் ஈரடுக்கு மேம்பாலம். 1973-இல் வந்தது. கீழ்த்தட்டில் சைக்கிளும் பைக்கும், மேல்தட்டில் பஸ்ஸும் காரும் போகிற பாலத்தை இன்று காலை எங்களுக்கு விட்டுவிட்டார்கள். ஏற்றம் மூச்சு வாங்க வைத்தது.

டவுன்தான் இந்த ஓட்டத்தின் உச்சம். ரதவீதிகளில் வாசலுக்கு வாசல் கோலம், நடுவில் சாணிப் பிள்ளையார், அதன் தலையில் பூசணிப்பூ. ஒலிபெருக்கியில் திருவெம்பாவை. ஓடுகிறவர்கள் எல்லாரும் கோலத்தை மிதிக்காமல் ஒதுங்கி ஒதுங்கி ஓடினார்கள், யாரும் சொல்லவில்லை. ஒரு வீட்டு நடையில் ஒரு அண்ணாச்சி தாம்பாளத்தில் கடலைமிட்டாயை உடைத்து வைத்துக்கொண்டு நின்றார். “எடுத்துக்கிடுங்க, இன்னும் எவ்ளோ தூரம் ஓடுதிய?” என்றார். பாதிகூட ஆகவில்லை என்றேன். “அப்போ ரெண்டா எடும்மா.”

பேட்டை தாண்டித் திரும்பி வரும்போது வெளிச்சம். இந்த முறை பாலத்தில் ஓட்டத்தை நிறுத்தி, கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்று ஆற்றைப் பார்த்தேன். பொதிகையில் பிறந்து, புன்னைக்காயலில் கடலில் சேரும்வரை தமிழ்நாட்டை விட்டு வெளியே போகாத ஆறு. நேரத்தைப் பதக்கத்துக்காகச் சேமிக்கிற ஓட்டம் வேறு எங்காவது ஓடிக்கொள்ளலாம். கடைசி மூன்று கிலோமீட்டரில் கெண்டைக்கால் இழுத்தது, நடந்தும் ஓடியும் முடித்தேன்.

மதியத்துக்கு மேல் குறுக்குத்துறை. முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே பாறைமேல் இருக்கிறது. வெள்ளம் வந்தால் உற்சவரைக் கரையிலுள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். தண்ணீர் வடிந்ததும் திரும்ப எழுந்தருள்வார். படித்துறையில் இடுப்பளவு தண்ணீரில் அரைமணி நேரம் இருந்தோம். ஓட்டக்காரர்கள் ஐஸ் தொட்டியில் காலை வைப்பார்கள். தாமிரபரணி இருக்கும்போது அது எதற்கு? குட்டி மீன்கள் பாதத்தைக் கொத்தின. எழுந்து படியேறும்போது கெண்டைக்கால் வலி பாதியாகிவிட்டது.

மாலையில் இருட்டுக்கடை வரிசை. சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்து, அதைப் புளிக்கவிட்டு, சர்க்கரையும் நெய்யும் சேர்த்து, நெய் பிரிந்து வரும்வரை கிண்டுவது. கிண்டுகிறவர்களின் தோள்தான் இந்த ஊரின் உண்மையான மாரத்தான் தோள். நூறு கிராமை அங்கேயே நின்று, சூடாக இருக்கும்போது சாப்பிட வேண்டும். மெல்ல வேண்டியதில்லை, நாக்கில் வைத்தால் வழுக்கிப் போய்விடுகிறது. விரல் நுனி, உதடு எல்லாம் நெய். அப்புறம் ஒரு கை மிக்சர். தித்திப்பு அடங்கி, இன்னும் கொஞ்சம் அல்வாவுக்கு வாய் தயாராகிவிடும்.

ஜனவரி 13, திங்கள்

திருவாதிரை. விடிவதற்கு முன்பே கோயிலுக்குப் போய்விட்டோம். நேற்று ஓடிய கால், ஒவ்வொரு படிக்கும் தோழியின் தோளைப் பிடித்துக்கொண்டேன். கூத்தப்பெருமானின் ஐந்து சபைகளில் இரண்டு இந்தப் பக்கம் இருக்கின்றன: குற்றாலத்தில் சித்திர சபை, இங்கே தாமிர சபை. செம்பு வேய்ந்த கூரைக்குக் கீழே மரத்தில் இழைத்த வேலைப்பாடு. தீபாராதனை ஆனபோது என் முன்னால் நின்ற வயதான அம்மா தன் இடத்தை விட்டுக்கொடுத்து, “முன்ன வந்து பாரு தாயி” என்று என்னை இழுத்து நிறுத்தினார். நேற்று மதியமே ரயிலேறியவர்களுக்கு இந்தக் காலை இல்லையே என்று உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

வீட்டில் களியும் தாளகமும். தாளகம் என்பது நாட்டுக்காய்களும் கிழங்குகளும் புளியில் வெந்து, எள்ளும் தேங்காயும் வறுத்து அரைத்த பொடியோடு சேர்ந்த குழம்பு. வெல்லக்களிக்கு அதுதான் ஜோடி. எள் மணம் கையை விட்டுப் போக மறுக்கிறது.

கடைத்தெருவில் நாளைய பொங்கலுக்கான கூட்டம். கரும்பு, மஞ்சள் குலை, கட்டுக் கட்டாகப் பனங்கிழங்கு, மண்ணோடு சிறுகிழங்கு. சிறுகிழங்கை ஈரச்சாக்கில் போட்டுத் தேய்த்தால் தோல் கழன்றுவிடும் என்று ஆச்சி செய்து காட்டினார். இரண்டு கிலோ வாங்கிக்கொண்டேன். பனங்கிழங்கு மஞ்சளும் உப்பும் போட்டு அவித்தது ஒரு பை.

பஸ் ஏற்றிவிட வந்த தோழியிடம் ஆச்சி சொல்லி அனுப்பியது: “ஆனித் தேருக்கு வந்துரச் சொல்லு, வடம் புடிக்கலாம்.” நேற்று ஓடிய அதே ரதவீதிகளில்தான் தேர் வரும். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மதுரைக் குழுவிலிருந்து இன்னும் நாலு பேரைக் கூட்டி வருவதாகவும்.