கல்லீரல் செல் சிகிச்சையைத் தேடிப் போய், கல்லீரலில் ஒரு துண்டைக் கொடுத்தேன்

என் மகளுக்கு இருந்தது க்ரிக்லர்-நஜ்ஜார் என்ற பிறவிக் காமாலை நோய், முதல் வகை. பத்து லட்சம் குழந்தைகளில் ஒன்றுக்கு வரும் நோய் என்கிறார்கள். 2016-ல் அவள் பிறந்த மூன்றாம் நாள் கண்ணில் மஞ்சள் தெரிந்தது. பச்சைக் குழந்தைக்கு வருகிற காமாலைதான், இளவெயிலில் காட்டுங்கள் என்றார்கள். ஒரு மாதமாகியும் போகவில்லை. அத்தை கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கலாம் என்றார். ஆனால் கண் அவ்வளவு மஞ்சளாக இருந்தும் துணி நனைத்தால் மஞ்சள் ஒட்டவில்லையே என்று முதலில் கவனித்ததும் அத்தைதான். டாக்டரிடம் இதைச் சொன்னதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ரத்தச் சிவப்பணுக்கள் அழியும்போது உண்டாகும் பிலிரூபினைத் தண்ணீரில் கரையும்படி மாற்றி வெளியேற்றுவது கல்லீரலின் வேலை. அதற்கு ஒரு நொதி வேண்டும். என் மகளின் கல்லீரலில் மற்றதெல்லாம் சரியாக இருந்தது, அந்த ஒரு நொதி மட்டும் இல்லை. கரையாத பிலிரூபின் சிறுநீரில் இறங்காது. மூளைக்குள் போய்ப் படிந்துவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. பினோபார்பிட்டால் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள், இரண்டாம் வகையாக இருந்தால் அதில் குறையும். குறையவில்லை. மரபணுப் பரிசோதனையும் முதல் வகை என்றே சொன்னது.

என் வீட்டுக்காரர் என் சொந்த அத்தை மகன். ஒரே மரபணுக் குறை எங்கள் இருவரிடமும் மறைந்து இருந்திருக்கிறது. எங்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. அன்றைக்கு அத்தை சாப்பிடவே இல்லை. "நான்தானேடி ஆசைப்பட்டுக் கட்டிவச்சேன்" என்று அழுதார். அவரைத் தேற்றுவதே எனக்குப் பெரிய வேலையாக இருந்தது.

அப்புறம் ஆறு வருடம் நீலவிளக்குதான் எங்கள் வாழ்க்கை. தோலில் படுகிற நீல ஒளி பிலிரூபினின் வடிவத்தை மாற்றி, அந்த நொதி இல்லாமலே வெளியேற வைக்கும். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம். எங்கள் வீடு பெங்களூர் அல்சூரில். என் வீட்டுக்காரர் எஸ்.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி, டாக்டர் எழுதிக்கொடுத்த அலைநீளத்தில் எல்.ஈ.டி. பட்டைகள் வாங்கி, ஆஸ்பத்திரி பொறியாளர் ஒருவரின் உதவியோடு கட்டிலுக்கு மேலும் கீழும் பொருத்தினார். கரண்ட் போனால் இருக்கட்டும் என்று இன்வெர்ட்டர். டிசம்பர் குளிரில் சட்டையில்லாமல் அவள் சுருண்டு படுப்பதைப் பார்க்கத்தான் முடியாது. போர்த்திவிட்டால் ஒளி படாது, போர்த்தாமல் விட்டால் மனசு கேட்காது.

இந்த விளக்குக்கும் ஒரு காலம்தான். பிள்ளை வளர வளரத் தோல் தடிக்கும், உடல் எடைக்குத் தோலின் பரப்பு குறையும். நான்கு வயதில் 18 இருந்த பிலிரூபின் ஐந்து வயதில் 24-ஐத் தொட்டது. இதற்கு நடுவில் ஒரு கிளினிக்கில் காய்ச்சலுக்கு செஃப்ட்ரியாக்சோன் ஊசி போடப் போனார்கள். அந்த மருந்தும் சல்ஃபா மருந்துகளும் ரத்தப் புரதத்தில் ஒட்டியிருக்கும் பிலிரூபினைக் கழற்றிவிடும், அது மூளைக்குள் போய்விடும் என்று எங்கள் டாக்டர் அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தார். நல்ல வேளை, அட்டை என் பர்சிலேயே இருந்தது. இந்த நோயுள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் அப்படி ஒரு அட்டை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கல்லீரல் செல் மாற்று பற்றி அந்தச் சமயத்தில்தான் கேள்விப்பட்டோம். அறுக்க வேண்டாம், செல்களை மட்டும் குழாய் வழியாக ஏற்றிவிடலாம் என்று சொந்தக்காரப் பையன் ஒருவன் படித்துவிட்டுச் சொன்னான். எனக்குச் சாமியே வழி காட்டியது போல இருந்தது. ஊரில் ஓர் இடத்தில் நான்கு லட்சத்துக்கு "ஸ்டெம் செல்" போடுகிறோம் என்றார்கள். எந்தச் செல், யாருடையது, எத்தனை, எந்த ரத்தக்குழாய் வழியாக என்று கேட்டேன். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. இங்கே ரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று போன்றவை தவிர மற்ற ஸ்டெம் செல் வைத்தியமெல்லாம் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது. ஆராய்ச்சிக்கு நோயாளியிடம் பணம் வாங்கக்கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-லேயே சொல்லியிருக்கிறது. எழுந்து வந்துவிட்டோம்.

எங்கள் டாக்டர் கன்னடக்காரர், ஆனால் நன்றாகத் தமிழ் பேசுவார். அரை மணி நேரம் ஒதுக்கி விளக்கினார். முழு உறுப்பாகப் பொருத்த உதவாத தானக் கல்லீரலை நொதி கலந்த கரைசலால் கழுவி, செல்களைத் தனித்தனியாகப் பிரிப்பார்களாம். அவற்றை, குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகும் போர்ட்டல் ரத்தக்குழாய் வழியாகக் கல்லீரலுக்குள் அனுப்புவார்கள். அமெரிக்காவில் இதே நோயுள்ள பத்து வயதுச் சிறுமிக்கு 750 கோடி செல்கள் ஏற்றியதை 1998-ல் வெளியிட்டார்கள். கேட்க மலைப்பாக இருக்கிறது, ஆனால் அது கல்லீரலில் நூற்றுக்கு ஐந்து பங்குதான். அதற்கே அவள் பிலிரூபின் ஏறக்குறைய பாதியாகக் குறைந்து, விளக்கு நேரமும் குறைந்தது. பிற்பாடு அவளுக்கும் கல்லீரல் மாற்று தேவைப்பட்டது.

ஏன் நிலைக்கவில்லை என்று கேட்டேன். ஏற்றிய செல்களில் பெரும்பகுதியை முதல் ஒரு நாளிலேயே உடம்பின் எதிர்ப்புச் சக்தி அழித்துவிடுகிறது. ஒரேயடியாக நிறைய ஏற்றினால் ரத்தக்குழாயில் அழுத்தம் கூடும், ரத்தம் உறைந்துவிடும். உறையவைத்துச் சேமித்த செல்களுக்கு வீரியம் குறைவு. இதையெல்லாம் தாண்டி ஒட்டிக்கொண்ட செல்லுக்கும் பெருக இடமில்லை, ஏனென்றால் பிள்ளையின் சொந்தச் செல்கள் அந்த ஒரு நொதியைத் தவிர மற்றபடி திடமாகவே இருக்கின்றன. என்னோடு வந்திருந்த அப்பா ஆரணிப் பக்கம் விவசாயம் பார்த்தவர். "பயிர் தழைச்சு நிக்கிற வயல்ல போய் நாத்து நட்டா எங்க பிடிக்கும் சார்?" என்றார். டாக்டர் மேசையைத் தட்டி, அதேதான் ஐயா, அதனால்தான் முதலில் கொஞ்சம் இடம் ஒதுக்கப் பார்க்கிறார்கள் என்றார். கல்லீரலின் ஒரு பகுதிக்குக் கதிர்வீச்சு கொடுப்பது, ஒரு பக்கத்து ரத்தக்குழாயை அடைத்து மறுபக்கத்தை வளரத் தூண்டுவது என்று வழிகள் தேடுகிறார்களாம். லண்டன் கிங்ஸ் காலேஜில் கடற்பாசிப் பொருளால் ஆன சின்னச் சின்ன மணிகளுக்குள் செல்லை அடைத்து வயிற்றுக்குள் விடுகிறார்கள். மணிக்குள் இருப்பதால் எதிர்ப்புச் சக்தி தொடாது. ஆனால் அது திடீரென்று கல்லீரல் செயலிழந்த குழந்தைகளுக்கு, அவர்களுடைய கல்லீரல் தேறி வரும்வரை தாங்கிப் பிடிக்க. ஆயுள் முழுக்க நொதி வேண்டிய என் பிள்ளைக்கு அது போதாது.

கல்லீரல் மாற்றினால் போட வேண்டிய மாத்திரையிலிருந்து தப்பலாம் என்றும் நினைத்திருந்தேன். நேராக ஏற்றும் செல்லும் அடுத்தவருடையதுதானே, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை அதற்கும் வேண்டும்.

2022 பிப்ரவரியில் காய்ச்சல் வந்து பிலிரூபின் 31-க்குப் போனது. பிள்ளை பேச்சுக் குழறிச் சோர்ந்து படுத்தாள். ஐ.சி.யு.வில் மூன்று நாள் சுற்றிலும் விளக்கு வைத்து இறக்கினார்கள். அதற்கு மேல் காத்திருக்க எனக்குத் தைரியமில்லை. கல்லீரல் மாற்றே செய்துவிடலாம் என்று முடிவெடுத்தோம்.

குறையைச் சுமக்கும் நானே கல்லீரல் கொடுக்கலாமா என்பது என் முதல் சந்தேகம். கொடுக்கலாம், ஜோடி மரபணுவில் ஒன்றில் மட்டும் குறை உள்ளவர்களின் கல்லீரலில் வேலைக்குப் போதிய நொதி இருக்கும் என்றார்கள். ரத்தப் பிரிவு, சி.டி., பித்தநாளத்தைப் பார்க்க எம்.ஆர்.ஐ., மனநல ஆலோசனை என்று இரண்டு வாரம் ஓடியது. ஸ்கேனில் கொழுப்பு தெரிந்ததால் நான்கு கிலோ குறைக்கச் சொன்னார்கள். அல்சூர் ஏரியைத் தினமும் சுற்றி, ராத்திரி சோற்றை விட்டு, ஆறு வாரத்தில் குறைத்தேன்.

தாய் என்றால் சட்டப்படி நெருங்கிய உறவு, தனியாக அனுமதிக் குழுவுக்குப் போக வேண்டியதில்லை. இருந்தாலும் பிறப்புச் சான்றிதழ், ஆதார், ரேஷன் கார்டு, குடும்பப் படங்கள் எல்லாம் கேட்டார்கள். வீடியோ பதிவோடு பேட்டி நடந்தது. என் வீட்டுக்காரரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு ஒரு பெண் அதிகாரி, "யாராவது வற்புறுத்தினாங்களா? வேண்டாம்னா இப்பவும் சொல்லலாம், மருத்துவக் காரணம்னு நாங்க சொல்லிக்கிறோம்" என்றார். தானம் கொடுப்பவர் பெண்ணாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும் என்று விதியே இருக்கிறது. நான் மனசார வந்தவள்தான். ஆனாலும் அந்தக் கேள்வியைக் கேட்டதற்காக அவரை இன்றும் கையெடுத்துக் கும்பிடுவேன்.

பணம் 18 லட்சம். நகை, பி.எஃப்., சொந்தங்கள், கோயில் நண்பர்கள். இன்னும் அடைக்கிறோம்.

ஆபரேஷன் ஜூலையில். என் கல்லீரலின் இடப்பக்க ஓரத்திலிருந்து ஏறக்குறைய 230 கிராம் எடுத்தார்கள். எட்டாம் நாள் நான் வீட்டுக்கு வந்தேன். தும்மினால் உயிர் போகும், தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ள வேண்டும். மகளுக்கு மூன்றாம் நாளே பிலிரூபின் 1.1. அவள் கண்ணில் வெள்ளை எப்படி இருக்கும் என்று அதுவரை நாங்கள் யாருமே பார்த்ததில்லை.

இப்போது காலை எட்டு மணிக்கும் ராத்திரி எட்டு மணிக்கும் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் டாக்ரோலிமஸ். பம்பளிமாஸ் பழம் கூடாது. தவறாமல் ரத்தப் பரிசோதனை.

அடுத்த வருடமே, 2023-ல், ஐரோப்பாவில் இதே நோய்க்கு மரபணு சிகிச்சை பெற்றவர்களில் கூடுதல் அளவு பெற்ற மூவர் விளக்கை விட்டுவிட்டார்கள் என்று செய்தி வந்தது. அவசரப்பட்டுவிட்டோமா என்று இரண்டு நாள் தூங்கவில்லை. அந்தப் பிப்ரவரியை நினைத்துப் பார்த்ததும் மனசு அடங்கியது.

ஆபரேஷனுக்கு முன்தினம் இன்னொரு தாளும் நீட்டினார்கள். மகளிடமிருந்து எடுக்கும் கல்லீரலை ஆராய்ச்சிக்குத் தரலாமா என்று. ஒரு நொதி தவிர எல்லாம் நன்றாக இருக்கும் கல்லீரல், செல் பிரித்துப் பழக ஏற்றது என்றார் டாக்டர். என் வீட்டுக்காரர் தயங்கினார். நான் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மறுநாள் மதியமே ஐஸ் பெட்டியில் எடுத்துப் போனார்களாம். எத்தனை செல் உயிரோடு பிரிந்தது என்று இதுவரை கேட்கவில்லை. அடுத்த செக்கப்பில் கேட்க வேண்டும்.