சிறையில் இருக்கும் ஒருவருக்காக ஜெனீவாவுக்கு எழுதிய அனுபவம்

என் தோழியின் அண்ணன், வீட்டில் பிரார்த்தனைக் கூட்டம் நடத்தியதற்காக அவருடைய நாட்டில் கைதானார். அங்கே அவர்கள் மிகச் சிறிய மதச் சிறுபான்மையினர். எந்த நாடு, எந்த மதம் என்பதை எழுதப் போவதில்லை. குடும்பத்தில் பாதிப் பேர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். அவருக்காக வெளியிலிருந்து தூதரகங்களுக்கும் ஐ.நா.வுக்கும் எழுதும் வேலையை நானும் தோழியும் சேர்ந்து பார்த்தோம். இதே நிலையில் தவிக்கும் யாருக்காவது உதவட்டும் என்றுதான் இதைப் பகிர்கிறேன்.

முதலில் தூதரகங்கள். அந்த நாட்டில் இயங்கும் பல தூதரகங்களுக்கு எழுதினோம். வந்த பதில்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி இருந்தன: "அவர் எங்கள் குடிமகன் இல்லையே." படித்ததும் தோழி அழுதுவிட்டாள். ஆனால் அதற்குச் சட்டக் காரணம் இருக்கிறது. 1963ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை, சிறையில் இருப்பவரைச் சந்திக்கும் உரிமையை அவரவர் நாட்டுத் தூதரகத்துக்கு மட்டுமே தருகிறது. சொந்த நாடே ஒருவரைப் பிடித்து வைத்தால் மற்ற நாடுகள் கேட்கலாம், வற்புறுத்தலாம், உரிமையோடு உள்ளே போக முடியாது. "எங்கள் உள்விவகாரத்தில் தலையிடாதீர்கள்" என்று சொல்லிவிடவும் 1961ஆம் ஆண்டின் இன்னொரு வியன்னா உடன்படிக்கை இடம் கொடுக்கிறது.

அப்படியானால் எதைப் பிடித்துப் பேசுவது? அந்த அரசே ஏற்றுக்கொண்ட ஒப்பந்தத்தைத்தான். குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையின் 18ஆம் பிரிவு மதச் சுதந்திரத்தைப் பற்றியது. நெருக்கடி நிலையிலும் அதை நிறுத்தி வைக்க முடியாது. அந்த நாடு அதில் சேர்ந்திருக்கிறதா, ஏதாவது விலக்கு கேட்டிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அது கையில் இருந்தால் தூதரக அதிகாரிகள் உங்களிடம் பேசும் தோரணையே மாறும்.

ஒரு தூதரகத்திலிருந்து போனில் பேசிய அதிகாரி அனுதாபமாக எதுவும் சொல்லவில்லை. "அடுத்த வாய்தா என்றைக்கு? எந்தக் கோர்ட், எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டார். எங்களுக்குக் கிடைத்த மிக நல்ல கேள்வி அதுதான். அன்றிரவே எல்லாவற்றையும் ஒரு பக்கத்துக்குள் கொண்டுவந்தோம். பெயர், வயது, கைதான தேதி, எந்தச் சிறை, எந்தச் சட்டப்பிரிவு, வழக்கறிஞர் யார், அடுத்த வாய்தா எப்போது. கீழே கோரிக்கை. "விடுதலை செய்யுங்கள்" என்று ஒரு தூதரகத்திடம் கேட்டால் அவர்களால் வருத்தப்படத்தான் முடியும். விசாரணை அன்று ஒருவர் வந்து உட்காருங்கள், சிறைக்குள் இன்சுலின் போக வழி செய்யுங்கள் என்று கேட்டால் அது செய்யக்கூடிய காரியம்.

அடுத்தது, ஐ.நா.வின் மனித உரிமை அலுவலகம் இருக்கும் ஜெனீவா. மத அல்லது நம்பிக்கைச் சுதந்திரத்துக்கென ஐ.நா.வில் ஒரு சிறப்பு அறிக்கையாளர் உண்டு. 1986இல் உருவான பொறுப்பு இது. 2004 முதல் 2010 வரை பாகிஸ்தானின் அஸ்மா ஜஹாங்கீர் வகித்தார், 2022இல் நசிலா கானியா வந்தார். இவர்களுக்குச் சம்பளம் கிடையாது, ஆனால் ஒரு அரசுக்கு நேரடியாகக் கடிதம் எழுதி விளக்கம் கேட்க முடியும். உள்நாட்டு நீதிமன்றங்களில் எல்லாக் கதவையும் தட்டி முடித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்ற நிபந்தனை இங்கே இல்லை. விசாரணைக் கைதிகளுக்கு இது பெரிய விஷயம். இதற்கான படிவம் இணையத்திலேயே இருக்கிறது.

படிவத்தில் எழுதும் மொழி முக்கியம். வசைபாடும் சொற்கள் இருக்கக் கூடாது, அரசியல் நோக்கம் தெரியக் கூடாது, பத்திரிகைச் செய்தியை மட்டும் நம்பி எழுதக் கூடாது. "கொடுமைப்படுத்தினார்கள்" என்று தோழி எழுதியிருந்த ஒரு வரியை நாங்கள் பிரித்துப் பிரித்து எழுதினோம். யார் செய்தது, சீருடையில் இருந்தார்களா, எந்த அறை, எவ்வளவு நேரம் நிற்க வைத்தார்கள், பார்த்தது யார், இவள் காதுக்கு யார் மூலம் வந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் அவள் அண்ணியிடம் போனில் கேட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஒரு வரி கடைசியில் முக்கால் பக்கம் ஆனது. அதை எழுதுவது குடும்பத்துக்கு எவ்வளவு வலி என்பதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. கூட ஒருவர் இருந்து எழுதிக் கொடுங்கள், குடும்பத்தையே தட்டச்சு செய்ய விடாதீர்கள்.

அப்புறம் சம்மதம். பெயரை அரசுக்குத் தெரிவிக்கலாமா, பொது அறிக்கையில் வெளியிடலாமா என்று படிவம் தனித்தனியாகக் கேட்கிறது. இங்கேதான் நாங்கள் நாள்கணக்கில் நின்றோம். பெயர் வெளியே வந்தால் உள்ளே அடி கூடுமா, குறையுமா? அண்ணி கேட்ட இந்தக் கேள்விக்கு முன்னுதாரணங்கள் இரு பக்கமும் இருந்தன. சூடானில் மதம் மாறியதாக மரண தண்டனை பெற்ற மெரியம் இப்ராஹிம், உலகம் முழுக்க எழுந்த குரலுக்குப் பிறகு 2014இல் விடுதலையானார். பாகிஸ்தானில் கிறிஸ்தவரான ஆசியா பீபி மத நிந்தனை வழக்கில் 2009இல் கைதாகி, 2018 அக்டோபரில்தான் உச்ச நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார். அவருக்காகக் குரல் கொடுத்த ஆளுநர் சல்மான் தசீரும் அமைச்சர் ஷாபாஸ் பட்டியும் 2011இல் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டார்கள். எரித்ரியாவில் 1994இல் அடைக்கப்பட்ட யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் மூவர் 2020 டிசம்பரில்தான் வெளியே வந்தார்கள்.

இதையெல்லாம் அண்ணியிடம் மறைக்காமல் சொன்னோம். வழக்கறிஞர் சிறைக்குப் போனபோது அண்ணனிடமே கேட்டுவந்தார். அரசுக்குத் தெரியட்டும், ஊடகத்துக்கு வேண்டாம் என்பது அவர் முடிவு. வெளியில் இருக்கும் சில ஆதரவாளர்களுக்கு இதில் வருத்தம். போஸ்டர் போட வேண்டும், ஹேஷ்டேக் வேண்டும் என்றார்கள். உள்ளே இருப்பவரின் சொல்தான் கடைசிச் சொல் என்பதில் நாங்கள் உறுதியாக இருந்தோம். ஒன்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும்: ஜெனீவாவிலிருந்து போகும் கடிதம் 60 நாட்கள் ரகசியமாக இருக்கும், பிறகு அரசின் பதிலோடு பொதுவில் வந்துவிடும். ஆகவே அதில் எந்தப் பெயர் இருக்கலாம் என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும்.

அமெரிக்காவின் சர்வதேச மதச் சுதந்திர ஆணையத்துக்கும் தகவல் அனுப்பினோம். 1998ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவான அந்த ஆணையம் பரிந்துரை மட்டுமே செய்யும், நாடுகளைக் கண்டனப் பட்டியலில் சேர்ப்பது வெளியுறவுத் துறையின் வேலை. அங்கேயும் அதே ஒரு பக்கம்தான் போனது.

முதலில் இன்சுலின் உள்ளே போனது. அடுத்த வாய்தாவில் இரண்டு தூதரகங்களிலிருந்து ஆட்கள் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். அன்றுதான் நீதிபதி வழக்கறிஞரை முழுதாகப் பேச விட்டார் என்று அண்ணி சொன்னாள்.

ஜெனீவாவின் கடிதத்துக்கு அரசின் பதிலும் வந்தது. இவர் கைதானதற்கும் மதத்துக்கும் சம்பந்தமில்லை, தேசப் பாதுகாப்புக்குக் குந்தகம் விளைவித்தார் என்றது அந்தக் கடிதம். சரி, குற்றப்பத்திரிகையில் பறிமுதல் செய்ததாக எதைக் காட்டியிருக்கிறார்கள்? பிரார்த்தனைப் புத்தகங்கள், ஒரு பாட்டு நோட்டு, குழந்தைகளின் வண்ணப் படங்கள். அந்தப் பட்டியலை மொழிபெயர்த்து ஜெனீவாவுக்கு அனுப்பினோம். தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டி மத வழிபாட்டைக் கட்டுப்படுத்த 18ஆம் பிரிவு இடம் தரவில்லை என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 1993இலேயே தன் 22ஆவது பொதுக் கருத்துரையில் விளக்கியிருக்கிறது. அதையும் சேர்த்தோம். பதில் வந்துவிட்டதே என்று யாரும் அத்தோடு விட்டுவிடாதீர்கள். அரசின் பதிலில் ஒவ்வொரு வரிக்கும் ஆவணத்தோடு மறுமொழி கொடுங்கள்.

இப்போது அவர் ஜாமீனில் வீட்டில் இருக்கிறார். வழக்கு நடக்கிறது, பாஸ்போர்ட் இன்னும் அவர்கள் கையில். அதைத் திருப்பித் தர வேண்டும் என்ற ஒரே கோரிக்கையோடு புதிய பக்கத்தை அனுப்பியிருக்கிறோம். அடுத்த வாய்தாவுக்கு யாரை அனுப்புகிறீர்கள் என்று தூதரகங்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.