கராத்தேவா, சிலம்பமா? முதலில் தரையைப் பாருங்கள்

பள்ளி திறக்கும் நேரம் வந்துவிட்டால் பெங்களூரில் அடுக்குமாடி வாசலுக்கு வாசல் பேனர் முளைத்துவிடும்: கராத்தே, டேக்வாண்டோ, கிக்பாக்ஸிங், இப்போது சிலம்பமும். ‘பையனுக்கு எது நல்லது?’ என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு அங்கே போய்ச்சேர எத்தனை நிமிடம் ஆகும் என்பதை அதற்கு முன்னால் கேட்க வேண்டும். ராமமூர்த்தி நகரில் குடியிருந்துகொண்டு கோரமங்களா மாஸ்டரிடம் சேர்த்தால், முதல் மாத உற்சாகம் மூன்றாம் மாதம் டிராஃபிக் சிக்னலில் தீர்ந்துவிடும். வாரத்துக்கு இரண்டு வகுப்பாவது விடாமல் போனால்தான் எந்தக் கலையும் உடம்பில் ஏறும். ஞாயிறு காலை போய்ப் பார்த்து நேரம் கணக்குப் போடாதீர்கள். வேலை நாளில், வகுப்பு நேரத்திலேயே ஒரு முறை போய் வாருங்கள்.

போனால் இலவச டெமோ வகுப்பில் உட்கார வேண்டாம், அது புதியவர்களுக்காக அலங்கரித்தது. சாதாரண வகுப்பு ஒன்றை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை பாருங்கள். கோப்பை அலமாரியை விட்டுவிட்டு முதலில் தரையைக் கவனியுங்கள். ஜூடோ, பிரேசிலியன் ஜியு-ஜிட்சு மாதிரி தூக்கிப் போடும் கலைக்கு கான்கிரீட் மேல் 20 மி.மீ. ஃபோம் மேட் போதாது; 40 மி.மீ. அளவில் அடர்த்தியான மேட் வேண்டும், துண்டுகளுக்கிடையே கால்விரல் மாட்டும் இடைவெளி இருக்கக் கூடாது. கராத்தேவுக்கு நேர்மாறான பிரச்சினை. மேட் ரொம்ப மெத்தென்று, ஒட்டுகிற மாதிரி இருந்தால், சுழற்றி உதைக்கும்போது ஊன்றிய கால் திரும்பாது. உடம்பு திரும்பும், முழங்கால் நடுவில் மாட்டிக்கொள்ளும். கிளப் ஹவுஸ் டைல்ஸ் தரையில் மேட்டே போடாமல் குதிக்க வைத்தால் சில வாரத்தில் முழங்கால், கீழ்க்காலின் முன்னெலும்பு எல்லாம் வலிக்கும்.

சிலம்பத்துக்கு வேறு கணக்கு. கம்பு பொதுவாகப் பிள்ளையின் நெற்றி உயரம் இருக்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலு பக்கமும் அந்தக் கம்பின் நீளமாவது காலியிடம் வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்துப் பிள்ளையின் காதில்தான் விழும். பேஸ்மென்ட் பார்க்கிங்கில் நடத்துகிறார்கள் என்றால் மேலே பாருங்கள்: பீம், தீயணைப்புக் குழாய், டியூப்லைட். தலைக்கு மேல் வீச்சு எடுக்க முடியாத இடத்தில் பாதிக் கலைதான் கற்றுத்தர முடியும். நல்ல ஆசான் முதல் வாரங்களில் காலடியில்தான் நேரம் போக்குவார். முதல் நாளே அலங்கார வீச்சு காட்டி வீடியோ எடுக்க விட்டால் சந்தேகப்படலாம். அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் பக்கத் தமிழ்க் குடும்பங்களில் விசாரித்துப் பாருங்கள், பேனர் வைக்காத ஆசான்கள் அப்படித்தான் கிடைப்பார்கள்.

கட்டிப்புரளும் கலைகளில் படர்தாமரை சுலபமாகத் தொற்றும். மேட்டைத் தினமும் கிருமிநாசினி போட்டுத் துடைக்கிறார்களா என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். மேட் ஓரத்தில் கழிவறைக்குப் போட்டுப்போகச் செருப்பு கிடக்கிறதா என்று பாருங்கள். கழிவறைக்கு வெறுங்காலோடு போய்விட்டு அப்படியே மேட்டில் ஏறினால் மற்றதை யூகித்துக்கொள்ளலாம்.

வார்ம்-அப்பைக் கவனமாகப் பாருங்கள். பிள்ளையின் காலை விரித்து மாஸ்டரோ சீனியரோ மேலிருந்து அழுத்துகிறாரா? தாமதமாக வந்ததற்கு நூறு தவளைத் தாவலா? எட்டு வயதுக்காரனுக்கு வெறும் தரையில் முஷ்டி ஊன்றித் தண்டாலா? இவற்றில் ஒன்று இருந்தாலும் வேறு இடம் தேடுங்கள். ஜூடோவில் முதல் மாதம் பெரும்பாலும் விழப் பழகுவதுதான்: தாடையை நெஞ்சோடு ஒட்டி, கையால் தரையைத் தட்டி விழுவது. அது பழகாத பிள்ளை பின்னால் கையை ஊன்றி விழும். மணிக்கட்டோ முழங்கையோ முறிவது அப்படித்தான். ஒரு மாஸ்டருக்கு 15, 20 பிள்ளைகள் வரை சரி, சின்னப் பிள்ளைகள் என்றால் இன்னும் குறைவாக. கூடைப்பந்து மைதானத்தில் அறுபது பேர், ஒரு விசில், பின்வரிசையில் மண் கிளறும் நாலு பேர் என்றால் அது டிரில், வகுப்பில்லை.

ஸ்பாரிங் (இருவர் நேருக்கு நேர் மோதிப் பழகுவது) பற்றி மாஸ்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘தலையில் அடிபட்டால் என்ன பண்ணுவீங்க, மாஸ்டர்?’ ‘அன்னிக்கு நிறுத்திடுவோம், டாக்டர் சொல்ற வரைக்கும் ஸ்பாரிங் கிடையாது’ என்றால் நம்பலாம். ‘அதெல்லாம் பழகிடும் சார்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஹெட்கார்டு வெட்டுக்காயத்தைக் குறைக்கும். உள்ளே மூளை குலுங்குவதை அதனால் தடுக்க முடியாது. பல்லுக்கு மவுத்கார்டு, ஆண்பிள்ளைகளுக்கு க்ராயின் கார்டு கட்டாயம்.

பெல்ட் விஷயத்தில்தான் காசு கரையும். கருப்பு பெல்ட் வழக்கமே ஜூடோவிலிருந்து வந்தது; 1882-இல் கொடோகன் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கிய கானோ ஜிகோரோவிடமிருந்து கராத்தே அதை வாங்கிக்கொண்டது. இன்று பத்துப் படி, மூன்று மாதத்துக்கு ஒரு கிரேடிங் (அடுத்த பெல்ட்டுக்கான தேர்வு), யாரும் ஃபெயில் ஆவதில்லை என்றால் முப்பதே மாதத்தில் கருப்பு பெல்ட். ஆறு வயதில் சேர்ந்தவன் எட்டரை வயதில் பிளாக் பெல்ட்! சரிபார்க்கச் சில வழிகள் உண்டு. டேக்வாண்டோவில் சியோலில் உள்ள தலைமையகமான குக்கிவோன் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தருவது ‘பூம்’ என்ற சிறுவர் தரம், ‘டான்’ என்ற முழுக் கருப்பு பெல்ட் தரம் அதற்கப்புறம். பிரேசிலியன் ஜியு-ஜிட்சுவில் சர்வதேசக் கூட்டமைப்பின் விதிப்படி 16 வயதுக்கு முன் நீல பெல்ட் கிடையாது. மாத ஃபீஸை மட்டும் கேட்காமல் அட்மிஷன், டிரஸ், கிரேடிங், டோர்னமென்ட் நுழைவு எல்லாம் சேர்த்து ஒரு வருடத்துக்கு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். ஒரு வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். பாதியில் விட்டால் பணம் திரும்புமா என்பதற்கு மட்டும் பதில் இருக்காது.

போட்டிக்குப் போக ஆசையிருந்தால் சான்றிதழில் ‘இன்டர்நேஷனல்’ என்று அச்சடித்திருப்பதை விடுங்கள், எந்த ஃபெடரேஷன், அதற்கு மத்திய அரசின் அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். ஜூடோ 1964-இல் ஒலிம்பிக்கில் நுழைந்தது. டேக்வாண்டோ 2000-இலிருந்து பதக்க விளையாட்டு. கராத்தே டோக்கியோவில் ஒரே ஒரு முறை வந்து, பாரிஸில் இல்லாமல் போனது. தமிழ்நாட்டில் 2024 ஜனவரியில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. கராத்தே பிரிவுகளில் ஷோட்டோகானா கோஜு-ரியுவா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், பத்து வயதில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.

பெற்றோர் வகுப்பைப் பார்க்கக் கூடாது, கவனம் சிதறும் என்று கதவைச் சாத்தும் இடத்தில் சேர்க்காதீர்கள். மாஸ்டர் பிள்ளையோடு தனியாக வாட்ஸ்அப்பில் பேசுவதும் கூடாது. செய்தி எல்லாம் பெற்றோர் குழுவில் வரட்டும். இதில் தயவு தாட்சண்யம் வேண்டாம்.

பெரியவர்களுக்கு: ஆரம்பநிலை பேட்ச் தனியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்த இடுப்போடு முதல் வாரமே உயர உதைத்தால் தொடையின் பின்தசை கிழியும்; மூன்று மாதம் இடுப்பு உயரத்துக்கு மேல் வேண்டாம். ஐம்பது கிலோ ஆளைத் தொண்ணூறு கிலோ ஆளோடு ஜோடி சேர்க்கும் இடம் ஆபத்து. பாக்ஸிங் என்றால் 4.5 மீட்டர் கைப்பட்டை சுற்றக் கற்றுத் தராமல் பையில் குத்த விடக் கூடாது, மணிக்கட்டு மடங்கிவிடும். ஸ்பாரிங்குக்கு 16 அவுன்ஸ் கிளவுஸ். பெண்களுக்கான இரண்டு நாள் தற்காப்புப் பயிலரங்குகள் ஓர் அறிமுகம், அவ்வளவுதான். எதிராளி உண்மையிலேயே பிடியை விடாமல் எதிர்க்கும் பயிற்சி மாதக்கணக்கில் இல்லாவிட்டால் கை மறந்துவிடும்.

குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் கேட்பதானால் ‘யார் நல்ல மாஸ்டர்?’ என்று கேட்காதீர்கள், மாஸ்டரே ஆள் வைத்துப் பதில் போடுவார். ஒரு வருடம் போய் நிறுத்திய பிள்ளைகள் யார், ஏன் நிறுத்தினார்கள் என்று கேளுங்கள். டிரஸ்ஸை இரண்டாவது மாதம் வாங்கினால் போதும். அதுவரை டி-ஷர்ட்டும் டிராக் பேன்ட்டும் போட்டு வரக் கூடாது என்று சொல்லும் மாஸ்டரிடம் காரணம் கேட்டுப் பாருங்கள்.