வயல் மண்ணு, வரப்பு மண்ணு, மூங்கில் அடி மண்ணு: புனல்ல போட்டு பாத்தது

மண்ணுக்குள்ள இருக்கற குட்டி உயிருங்கள பிரிச்செடுக்க நானே செஞ்ச புனல் இப்ப நல்லாவே வேலை செய்யுது. செய்ய நினைக்கறவங்களுக்கு சொல்லிடறேன், 2 லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டில ரெண்டா வெட்டி மேல் பாதிய தலைகீழா கீழ் பாதில சொருகி, கழுத்துல கொசுவலை துண்டு வெச்சு, அதுமேல மண்ண வெச்சு 40 வாட்ஸ் குண்டு பல்ப எரிய விடணும், எல்ஈடி வேண்டாம், சூடு தான் முக்கியம். மேல காய காய உள்ள இருக்கற உயிருங்க ஈரத்த தேடி எறங்கி அடில வந்து விழுந்துடும். இத்தாலிக்காரர் பெர்லீஸ் 1905ல வெந்நீர் சூட்ட வெச்சு செஞ்சத ஸ்வீடன்ல டுல்கிரேன் 1918ல பல்புக்கு மாத்துனாரு, இன்னிக்கும் அதே தான்.

எங்களுது மன்னார்குடி பக்கத்து களி. நொறுக்குனா துவாரமெல்லாம் அடைச்சிக்கும், அதனால கட்டியாவே வெட்டி, புல்லு பக்கம் கீழ வர்ற மாதிரி கவுத்து வெச்சேன், உயிருங்க பெரும்பாலும் மேல்மண்ணுல தான இருக்கும், வெளிய வர தூரம் கம்மி.

கொல்லைல மூங்கில் கொத்து அடில இருந்த சருகு மண்ணுல தான் கூட்டம் ஜாஸ்தி. வாலடில ஸ்பிரிங் மாதிரி ஒன்ன மடக்கி வெச்சிருந்து எகிறிக் குதிக்கற வில்வால் பூச்சி, கெட்டி ஓட்டோட மெதுவா நகர்ற சிலந்திப்பேன் வகை, அப்பறம் ஒரு பொய்த்தேள்! தேள் மாதிரி முன்னாடி இடுக்கி உண்டு, கொட்டற வால் கெடையாது, எள்ளு சைஸ் தான். போன் கேமரால லென்ஸ் ஒட்டி பாத்துட்டு ராத்திரி தூக்கமே வரல எனக்கு.

சம்பா அறுத்து உளுந்து நிக்கற வயல்ல சொற்பம் தான் விழுந்துச்சு. அதுக்காக செத்த மண்ணுனு சொல்லக்கூடாது. உளுந்து வேர புடுங்கி முடிச்ச நசுக்குனா உள்ள ரோஸ் கலர், காத்துல இருக்கற நைட்ரஜன புடிச்சு குடுக்கற பாக்டீரியா வேலை செய்யுதுனு அர்த்தம். ஆனா சேத்துழவு ஓட்டி மாசக்கணக்குல தண்ணி நின்னா மண்ணுக்குள்ள ஆக்சிஜன் இல்லாம போயிடும், காத்து வேணும்ங்கற பூச்சிங்க எங்க போவும்?

வரப்புக்கு தான். அதே வயலோட வரப்பு மண்ணு கிட்டத்தட்ட மூங்கில் அடி மண்ணுக்கு சமமா வந்துச்சு, கூடவே குட்டி மண்புழு. தண்ணி வடிஞ்சப்பறம் வயலுக்கு திரும்ப குடி வர்றது இங்கேருந்து தான்னு நான் நினைக்கறேன். அப்படி இருக்க வரப்பு சுத்தமா இருக்கணும்னு களைக்கொல்லி அடிச்சு செம்மண் ரோடு மாதிரி மொட்டையாக்கறது எனக்கு சுத்தமா புடிக்கல. அண்டை வெட்டுங்க (வரப்பு ஓரத்த மண்வெட்டியால செதுக்கறது தான்), புல்ல அறுத்து மாட்டுக்கு போடுங்க, வேர விட்டுடுங்க. சித்தப்பாட்ட லென்ஸ்ல காட்டுனேன், ரொம்ப நேரம் பாத்துட்டு "இந்த வருசம் நம்ம வரப்புல மருந்து வேணாம் தம்பி, ஆள விட்டு அறுத்துக்கலாம்"னாங்க. சந்தோசமா இருந்துச்சு.

நூற்புழு இந்த புனல்ல வராது, அது மண்துகள ஒட்டியிருக்கற தண்ணிலயே வாழ்ற சாதி, காஞ்சா எறங்காது. அதுக்கு தண்ணி புனல் வேணும், மண்ண டிஷ்யூ பேப்பர்ல வெச்சு தண்ணி தொடற மாதிரி உக்கார வெச்சா நழுவி கீழ டியூப்ல சேரும். மீன்தொட்டி டியூப்பும் கிளிப்பும் வாங்கியாச்சு, ஜூன் 12 மேட்டூர் தெறந்து குறுவைக்கு தண்ணி வர்றதுக்குள்ள வயல்லயும் வரப்புலயும் ஒரு ரவுண்டு எடுத்துடணும், நடவுக்கப்பறம் இன்னொன்னு.